ஒரு முடிக்கு ஒரு மணி

வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் கார்ன் போட்டவர்கள் பலரும் சொல்வது ஒரே குறைதான். செடி ஆள் உயரத்துக்கு வளர்கிறது. இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது. கதிரும் வெளியிலிருந்து பார்க்கப் பருமனாகவே தெரிகிறது. உறையை உரித்தால்தான் ஏமாற்றம்: இங்கே நாலு மணி, அங்கே ஆறு மணி, நடுவில் வெறும் சக்கை. கிழவர் வாய் போலப் பொக்கையாக இருக்கும் அந்தக் கதிரைப் பார்த்ததும் உரம் போதவில்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள். அடுத்த முறை உரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். மறுபடியும் பொக்கைதான்.

மணிகள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்கு உரம் காரணமல்ல. செடி பூத்த அந்த ஒரு வாரத்தில் மகரந்தம் போதுமான அளவு சேரவில்லை. விதைக்கும் நாளில் எடுத்த ஒரு முடிவுதான் இதற்குப் பெரும்பாலும் வேர்: எத்தனை செடி வைப்பது என்பதைவிட, அவற்றை எந்த வடிவில் வைப்பது என்ற முடிவு.

உச்சியில் ஆண் பூ, இடுப்பில் பெண் பூ

நெல், கோதுமை, வெள்ளைச்சோளம் ஆகியவற்றில் ஒரே பூவுக்குள் ஆண் பகுதியும் பெண் பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தன் மகரந்தமே தன் சூலில் விழுந்து மணி பிடித்துவிடுகிறது. மக்காச்சோளம் இந்தப் புல் குடும்பத்தில் பிறந்தும் வேறு வழியில் போகிறது. செடியின் உச்சியில் விரியும் குஞ்சம் முழுக்க ஆண் பூ. தண்டின் நடுப்பகுதியில், இலைக் கக்கத்திலிருந்து கிளம்பும் கதிர் முழுக்கப் பெண் பூ. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம்.

இந்தத் தூரத்தை மகரந்தம் காற்றில்தான் கடக்க வேண்டும். தேனீக்கள் குஞ்சத்துக்கு வந்து மகரந்தம் சேகரிப்பது உண்டு. ஆனால் கதிரின் முடியில் அவற்றுக்குத் தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை. அதனால் அங்கே அவை போவதில்லை. தோட்டத்தில் தேனீ நிறைய இருக்கிறதே என்று மக்காச்சோளத்தின் விஷயத்தில் நிம்மதி அடைய முடியாது.

ஒரு குஞ்சம் பல லட்சம் மகரந்தத் துகள்களை உதிர்க்கிறது. புல் இனங்களில் பெரிய அளவு கொண்டவை இவை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது ஒரு துகளின் குறுக்களவு. எடை கூடுதல் என்பதால் வெகு தூரம் மிதந்து போவதில்லை. பெரும்பகுதி சில மீட்டருக்குள் தரையில் இறங்கிவிடும். ஆயுளும் குறைவு. காலைப் பனி உலர்ந்ததும், ஒன்பது மணி முதல் பதினொரு மணி வாக்கில், மகரந்தப் பைகள் திறக்கின்றன. வெளியே வந்த துகள் இதமான ஈரக்காற்றில் ஓரிரு மணி நேரம் உயிரோடு இருக்கும். சித்திரை வெயிலில் சில நிமிடங்களில் உலர்ந்து செத்துவிடும்.

முடியை எண்ணினால் மணியை எண்ணலாம்

கதிரின் நுனியில் இளம்பச்சை நிறத்தில் தொங்கும் முடியை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முடியும் ஒரு சூலிலிருந்து புறப்பட்ட நீண்ட இழை. சக்கையின் மேல் ஐந்நூறு சூல் இருந்தால் ஐந்நூறு முடி வெளியே வரும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மகரந்தத் துகளைப் பெற்றாக வேண்டும். துகள் கிடைத்த முடிக்கு மணி உண்டு. கிடைக்காத முடிக்கு மணி இல்லை. பக்கத்து முடிக்கு எத்தனை துகள் கிடைத்திருந்தாலும் இதற்கு உதவாது.

முடியின் மேல் ஒட்டும் ஈரப்பசையும் மெல்லிய மயிர்களும் இருக்கின்றன. துகள் அதில் சிக்கியதும் முளைக்கிறது. அதிலிருந்து மகரந்தக்குழல் என்னும் நுண்ணிய நூல் கிளம்பி, முடியின் உள்ளேயே கீழ்நோக்கி வளர்ந்து சூலை எட்டுகிறது. இருபது சென்டிமீட்டர், சில சமயம் அதற்கும் மேல் நீளமுள்ள இந்தப் பாதையை அது ஏறக்குறைய ஒரே நாளில் கடந்துவிடுகிறது. தாவர உலகில் இது அசாத்தியமான வேகம்.

முடிகள் எல்லாம் ஒரே நாளில் வெளிவருவதும் இல்லை. கதிரின் அடிப்பகுதியில் உள்ள சூல்களின் முடி முதலில் தலைகாட்டும். நுனியில் உள்ளவை கடைசியாக, நாலைந்து நாள் கழித்து வரும். மகரந்தம் கிடைக்கும் வரை முடி நாளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீதம் நீண்டுகொண்டே போகும். கிடைத்ததும் வளர்ச்சி நின்று, சூலிலிருந்து கழன்று, மெல்லப் பழுப்பாகும். தோட்டத்தில் ஒரு கதிரின் முடி மட்டும் மற்றவற்றைவிட மிக நீளமாகப் பச்சையாகவே தொங்கினால், அது இன்னும் மகரந்தத்துக்காகக் காத்திருக்கிறது.

மணி வரிசைகளை எண்ணிப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று எப்போதும் இரட்டைப்படைதான். கதிர் உருவாகும் தொடக்கத்தில் ஒவ்வொரு பூ மொட்டும் இரண்டாகப் பிளந்து பக்கம் பக்கமாக அமைவதே காரணம். வரிசைகளின் எண்ணிக்கை செடி முழங்கால் உயரம் இருக்கும்போதே தண்டுக்குள் முடிவாகிவிடுகிறது. ஒரு வரிசையில் எத்தனை சூல் என்பது முடி வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு வரை தீர்மானமாகிறது. உரம் எப்போது போட வேண்டும் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

இருபத்து நான்கு செடிகள்

நடைமுறையில் இது எப்படி விளையாடுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு வீட்டில் இருபத்து நான்கு செடிக்கு இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர். காய்கறிப் பாத்தியைத் தொந்தரவு செய்யாமல் சுற்றுச்சுவர் ஓரமாக ஒற்றை வரிசையில் நட்டால், வரிசையின் நீளம் ஆறு மீட்டர். பார்க்க ஒழுங்காக இருக்கும். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நடுகிறார்கள்.

இந்த வரிசையின் நடுவில் நிற்கும் ஒரு செடியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 65 சென்டிமீட்டருக்குள் எத்தனை செடி இருக்கின்றன என்று எண்ணினால், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஆக நான்கு. வரிசை வடக்குத் தெற்காகப் போகிறது, காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்றால், அந்த நான்கும் பயன்படாது. அவை உதிர்க்கும் மகரந்தம் கிழக்கே போய்த் தரையில் விழும். செடிக்குத் தன் குஞ்சத்தில் இருந்து நேராக உதிர்வது மட்டுமே மிச்சம்.

தன் மகரந்தம் தனக்கு ஆகாது என்ற விலக்கு எதுவும் மக்காச்சோளத்துக்கு இல்லை. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. குஞ்சம் வழக்கமாக முடிக்கு ஓரிரு நாள் முன்பே உதிர்க்கத் தொடங்கி, ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடுகிறது. தண்ணீர் குறைந்தாலோ வெயில் கடுமையானாலோ குஞ்சம் தாமதிப்பதில்லை, முடிதான் பிந்துகிறது. அப்போது கடைசி முடிகள் வெளியே வரும் நேரத்தில் அதே செடியின் குஞ்சம் காலியாக இருக்கும். தனிச் செடியும் ஒற்றை வரிசையும் பொக்கைக் கதிர் தருவது இதனால்தான்.

அதே இருபத்து நான்கு செடிகளை நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு செடி என்று கட்டமாக நட்டால் என்ன ஆகும்? வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விட்டால், ஏறக்குறைய எட்டு அடிக்கு ஐந்து அடி இடம் போதும். நடுவில் உள்ள செடிக்குத் தன் வரிசையில் முன்பு போலவே நான்கு அண்டைச் செடிகள். பக்கத்து வரிசைகளில் நேர் எதிரே ஒன்றும் அதன் இருபுறமும் ஒவ்வொன்றுமாக, வரிசைக்கு மூன்று. இரு பக்கமும் சேர்த்து ஆறு. மொத்தம் பத்து. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏதோ ஒரு குஞ்சத்தைத் தாண்டித்தான் இந்தச் செடிக்கு வரும். எல்லாச் செடியும் ஒரே நாளில் பூப்பதில்லை என்பதால், ஒன்றின் குஞ்சம் ஓய்ந்தபோது இன்னொன்றின் குஞ்சம் உதிர்த்துக்கொண்டிருக்கும். விதையும் மண்ணும் உரமும் அதேதான். மாறியது வடிவம் ஒன்றே.

கட்டத்தில் காற்று வரும் பக்கத்து ஓர வரிசைக்குக் கொஞ்சம் குறை இருக்கவே செய்யும். கோவை, தென்காசிப் பக்கம் வைகாசிக் கடைசியில் விதைத்த செடி ஆடிக் காற்றில் பூக்கும்போது மேற்கு ஓரத்துக் கதிர்களில் இதைக் காணலாம். அந்த ஓரத்துச் செடிகளுக்கு மட்டும் கை உதவி தேவைப்படும்.

மாடித் தோட்டத்திலும் இதே கணக்குதான். குரோ பேக்குகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக அடுக்காமல், நடுவில் நெருக்கிக் கட்டமாக வைக்க வேண்டும். பத்துச் செடிக்கும் குறைவாக வைப்பதாக இருந்தால் காற்றை நம்பவே கூடாது.

கையால் மகரந்தம் சேர்த்தல்

காலை ஒன்பது மணிக்கு மேல், குஞ்சத்தின் கிளைகளில் மஞ்சள் நிறப் பைகள் தொங்கத் தொடங்கியிருக்கும். குஞ்சத்தை மெல்ல வளைத்து ஒரு காகித உறைக்குள் விட்டுத் தட்டினால் பொடி உதிரும். வெற்றுப் பைகளும் சேர்ந்து விழும், பொருட்படுத்த வேண்டாம். இரண்டு மூன்று செடிகளின் பொடியைச் சேர்த்து, உடனே மற்றச் செடிகளின் முடிமேல் தூவ வேண்டும். முடிக்கற்றையை விரலால் பிரித்து, அடியில் மறைந்திருக்கும் முடிகளுக்கும் எட்டும்படி மென்தூரிகையால் தடவுவது இன்னும் நல்லது. மாலைக்கு என்று எடுத்து வைத்தால் பயன் இல்லை, துகள் செத்திருக்கும். நுனி முடி கடைசியில் வருவதால் ஒரு நாளோடு நிறுத்தாமல் நான்கைந்து காலை இதைச் செய்தால்தான் கதிர் நுனி வரை நிறையும்.

விதை முதல் குஞ்சம் வரை

தமிழகத்தில் ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் இதற்கு ஏற்றவை. ஆடியில் விதைத்தால் பூப்பது ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ. வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் கதிர் ஒடித்துவிடலாம். தையில் விதைத்தால் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ பூக்கும். மாசிக் கடைசியில் விதைப்பதைத் தவிர்ப்பது நல்லது: வேலூர், கரூர், திருச்சி போன்ற இடங்களில் அது சித்திரை வெயிலில் பூத்து, மகரந்தம் கருகும்.

விதைப் பொட்டலத்தைப் பிரித்ததும் கெட்டுப்போன விதையோ என்று தோன்றும். சுருங்கி, எடையில்லாமல், கண்ணாடி போல் இருக்கும். இனிப்பு மரபணு செய்த வேலை அது. விதைக்குள் மாவுச்சத்து அதிகம் சேர்ந்திருக்காது. முளைக்கும் குருத்துக்குக் கையிருப்பு உணவு குறைவு என்பதால் ஆழமாகப் புதைக்கக் கூடாது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடுவது அவரை விதைக்குச் சரி. இந்தச் சுருங்கிய விதை தண்ணீரை ஒரேயடியாக இழுத்து உள்ளே சேதமாகி அழுகிவிடும். ஈரமான மண்ணில் குழிக்கு இரண்டு விதை ஊன்றி, முளைத்தபின் வாளிப்பான ஒன்றை மட்டும் விட வேண்டும்.

தொழு உரம் அடியுரமாக நிறையக் கொடுத்த மண் வேண்டும். தழைச்சத்தை இந்தப் பயிர் அள்ளிக்கொள்ளும். முழங்கால் உயரத்தில், விதைத்து 25 நாள் வாக்கில், ஒரு மேலுரம்: மண்புழு உரமோ ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ. குஞ்சம் தெரிவதற்குச் சற்று முன் இன்னொன்று. மேலே சொன்ன வரிசைக் கணக்கும் சூல் கணக்கும் முடிவாகும் நேரங்கள் இவைதான். முதல் மேலுரத்தோடு அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்தால், கணுக்களிலிருந்து இறங்கும் தாங்கு வேர்கள் மண்ணைப் பிடித்து, செடி காற்றில் சாயாமல் நிற்கும். அடியில் பக்கத் தூர் வெடித்தால் கிள்ள வேண்டியதில்லை.

தண்ணீரில் ஒரே ஒரு கண்டிப்பு: குஞ்சம் வெளிவந்ததிலிருந்து முடி பழுக்கும் வரையான இரண்டு வாரமும் மண் காயக் கூடாது. மற்ற நாட்களில் ஒரு நாள் தவறினால் செடி தாங்கிக்கொள்ளும்.

குருத்தில் மரத்தூள்

படைப்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2018-இல், கர்நாடகத்தில். அதே ஆண்டே தமிழகத்து மக்காச்சோளத்தையும் அது தாக்கியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கா வழியாகப் பரவிய இந்தப் புழு, இப்போது மாடித் தோட்டத்தின் பத்துச் செடிகளையும் தேடி வந்துவிடுகிறது. இலையில் ஜன்னல் போன்ற வெளிறிய திட்டுகள், பிறகு ஓட்டைகள், குருத்துக்குள் ஈரமான மரத்தூள் போன்ற எச்சம்: இவை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. தலையில் தலைகீழான ஆங்கில ஒய் வடிவக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இதன் அடையாளம்.

வயலில் இது பெரிய போராட்டம். வீட்டில் கண்ணும் கையுமே போதும். முளைத்த நாளிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை இலைகளைத் திருப்பி, மெல்லிய ரோமம் போர்த்திய முட்டைக் குவியலை நசுக்கிவிட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் பிறக்காமலே போகும். குருத்துக்குள் நுழைந்துவிட்டால், ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து ஒரு சிட்டிகை போடலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் இளம்புழுவுக்குப் பலன் தரும். முடி வெளிவந்தபின் இன்னும் கவனம் தேவை. முடியைக் கடித்துத் துண்டித்துவிட்டால் அந்த மணிகள் போயின.

கதிரைப் படித்தல்

உரித்த கதிரின் எந்தப் பகுதியில் மணி இல்லை என்று பார்த்தால் பூத்த நாட்களில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். கதிர் முழுக்கச் சிதறலாக மணி இருந்தால் மகரந்தமே பற்றவில்லை. நடவு வடிவத்தை மாற்ற வேண்டும். அடிப்பகுதி மட்டும் காலி என்றால், முதலில் வந்த முடிகளுக்கு மகரந்தம் கிட்டவில்லை. மழையோ கடும் வெயிலோ அந்த நாட்களைக் கெடுத்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மணி இல்லை என்றால், அந்தப் பக்கத்து முடிகள் மற்றவற்றின் கீழே மறைந்திருந்தன, அல்லது பூச்சி கடித்திருக்கிறது.

நுனி காலியாக இருப்பதற்கு மட்டும் இரண்டு காரணம் உண்டு. அங்கே சூல் தட்டையாக, எதுவும் தொடங்காமல் இருந்தால், பிந்தி வந்த முடிகள் மகரந்தத்தைத் தவறவிட்டன. வெளிறிச் சூம்பிய குட்டி மணிகள் தெரிந்தால், மகரந்தம் சேர்ந்து மணி பிடித்தபின் தண்ணீரோ உணவோ போதாமல் செடி அவற்றைக் கைவிட்டிருக்கிறது. முன்னதற்குக் கையால் மகரந்தம். பின்னதற்குத் தண்ணீரும் உரமும். இரட்டிப்பு உரம் போட்டவர் செய்தது இந்த ஒரு நிலைக்கு மட்டும் பொருந்தும் வைத்தியம்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது

எல்லா மக்காச்சோளமும் இளம் மணியில் சற்று இனிக்கும். இலையில் உண்டான சர்க்கரை கதிருக்கு வந்ததும், நொதிகள் அதை ஒன்றோடொன்று கோத்து மாவுச்சத்தாக்குகின்றன. இந்தக் கோக்கும் வேலையில் ஒரு மரபணு பழுதானால் சர்க்கரை அப்படியே தங்கும். பழைய இனிப்பு ரகங்களில் பழுதானது 'ஷுகரி-1' என்ற மரபணு. அமெரிக்காவில் 1902-இல் சந்தைக்கு வந்த கோல்டன் பான்டம் இந்த வகை. மணி பாலாடை போல் குழைவாக இருக்கும். ஆனால் ஒடித்த கணத்திலிருந்து சர்க்கரை கரையத் தொடங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விடும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியலாளர், 'ஷ்ரங்கன்-2' என்ற மரபணு பழுதான சுருங்கிய மணிகளை மென்று பார்த்தபோது அவை வழக்கத்துக்கு மீறி இனித்தன. 1953-இல் அவர் இதை வெளியிட்டார். சர்க்கரையை மாவுச்சத்தாக்கும் பாதையின் முதற்படியே இதில் அடைபட்டிருப்பதால், சர்க்கரை பல மடங்கு சேர்கிறது. ஒடித்தபின்னும் பல நாள் குறையாமல் நிற்கிறது. இன்று கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் கோப்பையில் விற்கப்படும் மணிகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

பக்கத்து வயலின் மகரந்தம்

கத்தரிக்காயின் சுவையைத் தந்தைச் செடி மாற்றாது. நாம் தின்னும் சதை தாயின் உடல். மக்காச்சோளத்தில் தின்பது விதையையே. அதன் மாவுப்பகுதியில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. தந்தை வழியில் பழுதில்லாத மரபணு ஒரு பிரதி வந்தாலே மாவுச்சத்து உருவாகிவிடும். பெரம்பலூர், சேலம், கோவில்பட்டி வட்டாரங்களில் கோழித் தீவனத்துக்கு ஏக்கர் கணக்கில் மக்காச்சோளம் நிற்கிறது. அந்த மகரந்தம் வீட்டுக் கதிரின் முடியில் விழுந்தால், அந்த மணி அந்தக் கதிரிலேயே மாவாகிவிடும். அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

இன்னும் வியப்பானது: ஷுகரி-1 ரகத்தையும் ஷ்ரங்கன்-2 ரகத்தையும் அருகருகே போட்டால் இரண்டுமே கெடும். ஒன்றில் பழுதானது மற்றொன்றில் நன்றாக இருப்பதால், கலந்த மணியில் இரண்டு குறையும் ஈடாகி, இனிப்பு போய்விடும். ஆகவே ஒரு சமயத்தில் ஒரே ரகம். வயல் பக்கத்தில் இருந்தால் நூறு மீட்டர் இடைவெளி நல்லது. அது வீட்டில் நடவாத காரியம் என்பதால், வயல் பூப்பதற்கும் வீட்டுச் செடி பூப்பதற்கும் இரண்டு மூன்று வாரம் விலகியிருக்கும்படி விதைப்பைத் தள்ளிவைக்கலாம்.

ஒடிக்கும் நாள்

முடி வெளிவந்த நாளைக் குறித்து வைத்தால் தேடல் எளிது. அதிலிருந்து 18 முதல் 22 நாளில் கதிர் பால் பருவத்துக்கு வரும். வெயில் காலத்தில் இன்னும் ஓரிரு நாள் முந்தும். முடி பழுத்துக் காய்ந்திருக்கும், உறை மட்டும் பச்சையாக இருக்கும். உறையை நுனியில் லேசாகக் கீறி ஒரு மணியை நகத்தால் குத்திப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் வந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். பால் தெறித்தால் அன்றைக்கே ஒடிக்கலாம். மாவாகப் பிதுங்கினால் பருவம் கடந்துவிட்டது. கதிரைக் கீழ்நோக்கி அழுத்தித் திருகினால் தண்டுக்குச் சேதமில்லாமல் வந்துவிடும்.

காலைக் குளிரில் ஒடிப்பது நல்லது. உடனே வேகவைக்க முடியாவிட்டால் உறையோடு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். உறை மணியின் ஈரத்தைக் காக்கும், குளிர் நொதிகளை மந்தமாக்கும். ஒரு செடிக்கு நல்ல கதிர் ஒன்று, சில சமயம் இரண்டாவதாகச் சிறியது ஒன்று. அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எல்லாக் கதிரும் ஒரே வாரத்தில் முற்றுவதைத் தவிர்க்க நினைப்பவர்கள், வாரத்துக்கு ஒரு வரிசை என்று விதைத்துவிடக் கூடாது. அது மறுபடி ஒற்றை வரிசையில் போய் நிற்கும். இரண்டு வாரம் இடைவெளி விட்டு இன்னொரு முழுக் கட்டமாகவே போட வேண்டும்.